விதி நூலுக்கு வெளியே பிறந்த வீரர்கள்



நம் பிள்ளைகள் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடும் ஆட்டங்களில் 'உயிர்ப் புள்ளி', 'படிநிலை', 'அனுபவப் புள்ளி' போன்றவை இடம்பெறுவதை நாம் அறிவோம். ஆட்டம் தொடங்கும் முன்னரே பிள்ளைகள் தமக்கென ஒரு வீரனையோ வீராங்கனையையோ தெரிவு செய்கின்றனர். அவர் வாள் ஏந்துபவரா, மந்திரம் ஓதுபவரா, காட்டில் தடம் பார்த்து நடப்பவரா என்பதைத் தாமே முடிவு செய்கின்றனர். இவ்வழக்கம் கணினியில் தோன்றியதன்று. தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அமெரிக்க ஆட்டமே இதற்குத் தாய். 1974ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாட்டம் 2024ஆம் ஆண்டில் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தது.

அவ்வாட்டத்தின் முழு வரலாற்றையும் இங்கு எழுதுவது என் நோக்கமன்று. அதன் ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விதி நூலில் இல்லாத புதிய வீரர் வகைகளை ஆட்டக்காரர்கள் தாங்களே படைத்துக்கொள்ளும் வழக்கம் அது. ஆங்கிலத்தில் இதனை 'ஹோம்ப்ரூ' என்பர். வீட்டில் காய்ச்சி வடித்த பானத்தைக் குறிக்கும் சொல் அது; 'வீட்டுத் தயாரிப்பு' என நாம் சொல்லலாம். இவ்வரலாற்றில் நம் வகுப்பறைக்கும் பொருந்தும் ஒரு வினா உள்ளது. விதி வகுக்கும் உரிமை யாருக்கு உரியது? நூலை எழுதியவருக்கா, அல்லது அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுபவருக்கா?

ஆட்டம் எத்தகையது?

அறியாதவர்களுக்காக ஆட்டத்தின் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையில் அமர்வர். அவர்களுள் ஒருவர் ஆட்ட நடத்துநர். கதை நிகழும் உலகத்தை விவரிப்பவரும் நடுவராக இருந்து தீர்ப்புக் கூறுபவரும் அவரே. மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் மரத்தின் பின்னே ஒளிகிறேன்" என்று தம் செயலைச் சொல்வர். செயல் கைகூடுமா என்பதில் ஐயம் எழுமாயின் பகடை உருட்டப்படும்.

ஒவ்வொரு கதைமாந்தருக்கும் வலிமை, அறிவுக்கூர்மை, விவேகம், உடலுறுதி, செயல்வேகம், ஆளுமைக் கவர்ச்சி என ஆறு பண்புகள் உண்டு. முதற்பதிப்பில் ஒவ்வொரு பண்புக்கும் ஆறு முகப் பகடை மூன்றனை உருட்டிக் கூட்டுவர். ஆகவே மதிப்பு 3 முதல் 18 வரை அமையும். 18 கிடைப்பதற்கான வாய்ப்பு 216இல் 1 மட்டுமே என்பதைக் கணித ஆசிரியர்கள் உடனே கண்டுகொள்வர். இவற்றோடு, கதைமாந்தர் எத்தகைய தொழில் புரிபவர் என்பதும் குறிக்கப்படும். இக்கட்டுரையில் இதனைத் 'தொழில்வகை' எனக் குறிப்பிடுகிறேன்.

போர்ப் பலகையிலிருந்து கற்பனை உலகுக்கு

பாத்திரமேற்று ஆடும் இவ்வாட்டத்தின் வேர் பிரஷ்ய நாட்டுப் படைப் பயிற்சியில் உள்ளது. ரைஸ்விட்ஸ் என்பவர் 1812ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர் ஆட்டத்தைக் காட்டினார். 1824ஆம் ஆண்டில் அவருடைய மகன் அதனைச் செம்மைப்படுத்தினார். இரு தரப்பினருக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பது அதன் சிறப்பு. பின்னர் அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டாட்டன் என்பவர் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்னும் போர் ஆட்ட நூலை வெளியிட்டார். ஆட்டக்காரர் எதனையும் முயன்று பார்க்கலாம். அது நிகழுமா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்னும் கருத்து அந்நூல் வழியாகப் பிற்கால ஆட்டக்காரர்களை அடைந்தது.

1969ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர் 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்பது ஒரு கற்பனையான ஜெர்மானிய ஊர். இரண்டு படைகள் மோதவிருக்கும் அவ்வூரில் ஆட்டக்காரர்கள் பலருக்கும் படைத்தலைவர் பொறுப்பு கொடுக்காமல், ஊர்மக்களாகத் தனித்தனி வேடம் கொடுத்தார் வெஸ்லி. ஆட்டக்காரர்கள் அவர் எதிர்பாராத செயல்களிலெல்லாம் இறங்கினர். ஆட்டம் குழம்பிவிட்டதே என்று அவர் வருந்தினார். ஆனால் ஆடியவர்களோ மீண்டும் எப்பொழுது நடத்துவீர்கள் என்று கேட்டனர். மாணவர்கள் பாடத்திட்டத்தை விட்டு விலகி ஓடிய பாடவேளையே சில சமயங்களில் அவர்கள் நினைவில் நெடுநாள் நிற்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம் அல்லவா?

அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன் 1971ஆம் ஆண்டளவில் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டைப் படைத்து, அதில் கோட்டைகளையும் நிலவறைகளையும் பூதங்களையும் அமைத்தார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், அதே ஆண்டில் ஜெஃப் பெரனுடன் இணைந்து 'செயின்மெய்ல்' என்னும் இடைக்காலப் போர் ஆட்ட நூலை வெளியிட்டிருந்தார். ஆர்னிசனும் கைகாக்ஸும் கூடி உருவாக்கியதே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கைகாக்ஸும் அவர்தம் நண்பர் டான் கேயும் 1973ஆம் ஆண்டில் தொடங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை வெளியிட்டது. முதலில் அச்சானவை 1,000 படிகள். விலை 10 டாலர். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள் இருந்தன.

வாயிலைத் திறந்து வைத்த முதல் நூல்

அம்மூன்று சிறு நூல்களில் இருந்த தொழில்வகைகளும் மூன்றே. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. மனிதர் தவிர, குள்ளர், எல்ஃப், ஹாபிட் ஆகிய இனத்தவராகவும் ஆடலாம். இவ்வளவுதான் அச்சில் இருந்த தெரிவு.

ஆயினும் முதல் நூலிலேயே ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஆட்டக்காரர் ஏறக்குறைய எந்த உயிரினமாகவும் ஆடலாம். வலுக்குறைந்த நிலையில் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும் என்பதே நிபந்தனை என்ற பொருளில் அந்நூல் கூறியது. ஒருவர் டிராகனாக ஆட விரும்பினால், இளம் டிராகனாகத் தொடங்கட்டும். அது வளரும் படிகளை நடுவர் முன்கூட்டியே வகுக்கட்டும் என்று எடுத்துக்காட்டும் தந்தது.

இக்குறிப்பு சிறியது, ஆயினும் அதில் இரண்டு கொள்கைகள் அடங்கியுள்ளன. கற்பனைக்குத் தடையில்லை என்பது முதலாவது. கற்பனை செய்தவுடனே வலிமை முழுவதும் கைக்கு வந்துவிடாது. அதனை உழைத்து ஈட்ட வேண்டும் என்பது இரண்டாவது. பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் வீட்டுத் தயாரிப்பு வீரர்களைப் பற்றி எழுந்த விவாதங்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையே.

மேசையில் பிறந்த மூவர்

அச்சேறிய தொழில்வகைகளே கூட வீட்டுத் தயாரிப்பாகத் தோன்றியவைதாம் என்பதை அறியும்போது வியப்பு ஏற்படுகிறது. மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது சமயகுரு. ஆர்னிசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் 'சர் ஃபாங்' என்னும் இரத்தக் காட்டேரியாக ஆடிவந்தார். அக்கதைமாந்தர் மிகவும் வலிமை பெற்றுவிட்டமையால் மற்றவர்களால் எதிர்த்து நிற்க இயலவில்லை. அதற்கு மாற்றாக, காட்டேரிகளை விரட்டும் ஆற்றல் பெற்ற சமயகுரு ஒருவர் ஆட்டத்தினுள் கொண்டுவரப்பட்டார். மைக் கார் என்பவர் அவ்வேடத்தை ஏற்றார். ஒரு மேசையில் எழுந்த சிக்கலுக்குக் கண்ட தீர்வு, பின்னர் உலகெங்கும் விற்கப்பட்ட நூலின் மூன்று அடிப்படைத் தொழில்வகைகளுள் ஒன்றாயிற்று.

இரண்டாவது திருடன். 1974ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்கா நகரில் 'ஏரோ ஹாபிஸ்' என்னும் கடையைச் சூழ்ந்து ஆடிவந்த குழுவினர், பூட்டுத் திறத்தல், பொறிகளைச் செயலிழக்கச் செய்தல், நிழலில் மறைதல் முதலிய திறன்களை உடைய ஒரு தொழில்வகையை உருவாக்கினர். அவர்களுள் கேரி சுவிட்சர் என்பவர் வழியாக இச்செய்தி கைகாக்ஸை எட்டியது. அவர் அதனைத் தம் போக்கில் விரித்தெழுதினார். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் திருடன் இடம்பெற்றான்.

இத்திருடனைப் பற்றி இன்றளவும் ஒரு விவாதம் உண்டு. திருடன் வருவதற்கு முன்பு, சுவர் ஏறுவதற்கோ ஒளிந்து நடப்பதற்கோ யார் வேண்டுமானாலும் முயலலாம். நடுவர் தீர்ப்புக் கூறுவார். 'சுவர் ஏறுதல் திருடனின் திறன்' என்று நூலில் எழுதியவுடன், போர்வீரனாக ஆடுபவர், "இது எனக்குரிய செயலன்று" என்று ஒதுங்கத் தொடங்கினார். ஒருவருக்குக் கொடுத்த திறன், அறியாமலேயே மற்றவரிடமிருந்து பறித்த வாய்ப்பாக மாறிற்று. வகுப்பில் ஒரு மாணவனை 'ஓவியக்காரன்' என்று நாம் பெயர் சூட்டியபின், பிற மாணவர்கள் வண்ணப் பென்சிலைத் தொடத் தயங்குவதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது வனக்காவலன், ஆங்கிலத்தில் 'ரேஞ்சர்'. டி.எஸ்.ஆர். நிறுவனம் 1975ஆம் ஆண்டில் 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவியூ' என்னும் சிற்றிதழைத் தொடங்கியது. அதன் இரண்டாம் இதழில் ஜோ ஃபிஷர் என்பவர் வனக்காவலனை எழுதினார். டோல்கியனின் நாவலில் வரும் அரகோர்ன் என்னும் பாத்திரத்தின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். இவ்வனக்காவலன் முதற்படியிலேயே மற்றவரைவிட உயிர்ப் புள்ளி மிகுந்தவன். தடம் பார்த்துப் பின்தொடர்வதில் வல்லவன். பூத இனத்தாரை எதிர்ப்பதில் கூடுதல் ஆற்றல் உடையவன். ஆனால் தன்னால் சுமக்க இயன்ற பொருளை மட்டுமே அவன் உடைமையாக வைத்துக்கொள்ளலாம். எஞ்சியதைக் கொடையாக அளித்துவிட வேண்டும். வனக்காவலர் இருவருக்கு மேல் ஒன்றுசேர்ந்து இயங்கக் கூடாது. அறநெறி தவறினால் சிறப்பாற்றல்கள் அனைத்தும் நீங்கிவிடும். கொடுத்த ஆற்றலுக்கு ஈடாகக் கட்டுப்பாடுகளையும் ஃபிஷர் சேர்த்தே எழுதியிருந்தார். வீட்டுத் தயாரிப்புக்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுவதில்லை.

அதே சிற்றிதழில் பீட்டர் ஆரன்சன் மாயக்காட்சி மந்திரவாதியையும், 1976ஆம் ஆண்டில் டக் ஷ்வெக்மன் பாணனையும் எழுதினர். பாடியும் கதை கூறியும் ஊர் ஊராகத் திரியும் இக்கலைஞனை ஆங்கிலத்தில் 'பார்டு' என்பர். சங்க இலக்கியப் பாணரை அறிந்த நமக்கு அவன் அந்நியனாகத் தோன்ற மாட்டான். வனக்காவலன், மாயக்காட்சி மந்திரவாதி, பாணன் ஆகிய மூன்றும் 1978ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' என்னும் பெருநூலில் இடம்பெற்றன. வாசகர் எழுதியது மூன்றே ஆண்டுகளில் விதி நூலாயிற்று.

தபாலில் பயணித்த படைப்புகள்

இணையம் இல்லாத அக்காலத்தில் இப்படைப்புகள் பரவியது எவ்வாறு? 1975ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லீ கோல்டு என்னும் பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்னும் கூட்டிதழைத் தொடங்கினார். பங்கேற்போர் ஒவ்வொருவரும் தத்தம் பக்கங்களை எழுதி அனுப்ப, அவர் அவற்றைத் தொகுத்துக் கட்டி அனைவருக்கும் தபாலில் அனுப்பினார். ஒருவர் தாம் படைத்த தொழில்வகையை ஒரு மாதம் எழுதுவார். அடுத்த மாதம் மற்றவர் அதனைத் தம் மேசையில் ஆடிப் பார்த்துக் குறைகளைச் சுட்டுவார். அவ்விதழ் பல பத்தாண்டுகள் வெளிவந்தது.

விதி நூல் எழுதியதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள இயலாமையும் பல படைப்புகளுக்குக் காரணமாயிற்று. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரைச் சேர்ந்த நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரே, மூல விதிகள் குழப்பமாக இருப்பதாகக் கருதி, 1975ஆம் ஆண்டில் 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்னும் எளிய ஆட்டத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். கலிபோர்னியாவில் ஸ்டீவ் பெரின் என்பவர் 1976ஆம் ஆண்டில் எழுதிய மாற்று விதிகள் நாளடைவில் வளர்ந்து, 1978ஆம் ஆண்டில் 'ரூன்குவெஸ்ட்' என்னும் தனி ஆட்டம் தோன்றத் துணைபுரிந்தன. அதில் தொழில்வகை என்னும் சட்டகமே இல்லை. எத்திறனைப் பயன்படுத்துகிறாரோ அத்திறனில் கதைமாந்தர் வளர்வார். திருத்தி எழுதத் தொடங்கியவர்கள் புதிய நூலாசிரியர்களாயினர்.

எல்லைக்கோடு வரையப்படுகிறது

படைப்புகள் பெருகியபோது பூசலும் தோன்றியது. டேவ் ஹார்கிரேவ் என்பவர் தம் குழுவினருக்காக உருவாக்கிய புதிய தொழில்வகைகள், பூதங்கள், மந்திரங்கள் முதலியவற்றைத் தொகுத்து 1977ஆம் ஆண்டில் 'ஆர்டுவின் கிரிமோர்' என்னும் நூலாக வெளியிட்டார். டி.எஸ்.ஆர். நிறுவனம் சட்ட முறையில் எதிர்ப்புத் தெரிவித்தது. மூல ஆட்டத்தின் பெயர் அந்நூலிலிருந்து நீக்கப்பட வேண்டியதாயிற்று.

எனினும், டி.எஸ்.ஆர். நிறுவனமும் பிறரிடமிருந்து கடன் பெற்றதே என்பதை மறத்தல் ஆகாது. முதற்பதிப்பில் இடம்பெற்ற 'ஹாபிட்' என்னும் பெயர் டோல்கியனின் படைப்புக்கு உரியது. உரிமை பெற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தமையால் 1977ஆம் ஆண்டளவில் அப்பெயர் 'ஹாஃப்லிங்' என மாற்றப்பட்டது. மேலும், ஆட்டத்தின் இணையாசிரியரான ஆர்னிசனே தமக்குரிய உரிமைத்தொகை வேண்டி 1979ஆம் ஆண்டில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1981ஆம் ஆண்டில் அது உடன்பாட்டில் முடிந்தது. கற்பனை எல்லாருக்கும் பொதுவாக இருந்த நாளில் எழாத வினாக்கள், அது விலைபோகும் பொருளானவுடன் எழுந்தன.

1977 முதல் 1979 வரை மூன்று பெருநூல்களாக வெளிவந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் நோக்கங்களுள் ஒன்று சீர்மை. ஓர் ஊரில் ஆடியவர் வேறோர் ஊருக்குச் சென்றாலும் அதே விதிகளோடு ஆட வேண்டும். போட்டிகள் நடத்த இயல வேண்டும் என்று கைகாக்ஸ் கருதினார். இதில் நியாயமில்லை எனக் கூறிவிட முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே பாடநூலும் ஒரே தேர்வும் ஏன் தேவை என்பதற்கு நாம் கூறும் காரணங்களும் இவைதாமே! ஆயினும் சீர்மையை நாடிய அந்நூலில் இன்றைய பெற்றோர்கள் ஏற்க மாட்டாத விதியும் இருந்தது. மனித இனப் பெண் கதைமாந்தரின் வலிமை, ஆணின் உச்ச அளவை எட்டவியலாதவாறு 1978ஆம் ஆண்டு நூல் வரம்பு கட்டியது. பூதங்களும் டிராகன்களும் உலவும் கற்பனை உலகில்கூடப் பெண்ணின் கைவலிமைக்கு ஓர் அட்டவணை! 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு அவ்வரம்பை நீக்கியது. நூல் சொல்கிறது என்பதற்காக ஒன்று நியாயமாகிவிடாது என்பதற்கு இதனைவிடச் சான்று தேவையில்லை.

நீக்கியவையும் நிலைத்தவையும்

1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலரும் சமயக் குழுக்கள் சிலவும் இவ்வாட்டம் பிள்ளைகளைத் தீய வழியில் ஈர்த்துவிடும் என்று அஞ்சினர். புதிதாகத் தோன்றும் பொழுதுபோக்கு எதுவாயினும் அதன்மீது பெற்றோர்க்கு இத்தகைய ஐயம் எழுவது இயல்பே. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் தீய ஆவிகளின் பழைய பெயர்கள் மாற்றப்பட்டன. கொலையாளி என்னும் தொழில்வகையும் பாதி ஓர்க் என்னும் இனமும் அடிப்படை நூலிலிருந்து விலக்கப்பட்டன. ஆனால் நூலில் இல்லை என்பதற்காக வீட்டு மேசையில் அவை மறைந்துவிடவில்லை. பழைய நூலை வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆடினர். 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் பாதி ஓர்க் இனம் மீண்டும் இடம்பெற்றது.

அதே இரண்டாம் பதிப்பின் நடத்துநர் நூலில் மற்றொரு சிறப்பும் இருந்தது. புதிய தொழில்வகை ஒன்றினை உருவாக்கும் முறை அதில் அட்டவணையோடு தரப்பட்டது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு விலை உண்டு. கூடுதல் ஆயுதம், கூடுதல் கவசம், மந்திர ஆற்றல் என எதனைச் சேர்த்தாலும், அக்கதைமாந்தர் அடுத்த படிநிலைக்கு உயர்வதற்குத் தேவைப்படும் அனுபவப் புள்ளிகள் பெருகும். கட்டுப்பாடுகளை ஏற்றால் விலை குறையும். எல்லா ஆற்றலும் பெற்ற வீரனை யாரும் படைக்கலாம். ஆனால் அவன் முதற்படியிலேயே நெடுங்காலம் நின்றுகொண்டிருப்பான்! 1974ஆம் ஆண்டின் 'இளம் டிராகன்' கொள்கை இங்குக் கணக்காக மாறியிருப்பதைக் காணலாம்.

திறந்த உரிமமும் 2023ஆம் ஆண்டின் போராட்டமும்

இணையம் பரவியபோது பழைய பூசல் புதிய வடிவம் பெற்றது. 1994ஆம் ஆண்டளவில் ஆர்வலர்கள் இணையத்தில் பகிர்ந்த படைப்புகளைக் கட்டுப்படுத்த டி.எஸ்.ஆர். முற்பட்டது, பலருடைய மனக்கசப்புக்கு ஆளாயிற்று. 1997ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' விலைக்கு வாங்கியது.

புதிய உரிமையாளர் வேறு வழியில் சென்றார். 2000ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்போடு 'ஓபன் கேம் லைசென்ஸ்' என்னும் திறந்த உரிமம் அறிவிக்கப்பட்டது. இதனை முன்னின்று வகுத்தவர் ரயன் டான்சி. அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தித் தம் படைப்பை வெளியிடலாம், விற்கவும் செய்யலாம் என அது இடம் தந்தது. வீட்டு மேசையில் பிறந்த படைப்பு அச்சமின்றிக் கடைக்குச் செல்ல வழி பிறந்தது. 'பைசோ' நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாத்ஃபைண்டர்' என்னும் புகழ்பெற்ற ஆட்டம் இவ்வுரிமத்தின் கீழ் எழுந்ததே.

2014ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் நூல், புதிய இனங்களைப் படைப்பதற்கும் தொழில்வகைகளை மாற்றியமைப்பதற்கும் வழிகாட்டியது. 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'டி.எம்ஸ் கில்டு' என்னும் விற்பனைத் தளத்தில் ஆர்வலர்கள் தம் படைப்புகளை விற்று, வருவாயில் பாதியைப் பெற இயன்றது. நடிகர் மேத்யூ மெர்சர் உருவாக்கிய 'பிளட் ஹண்டர்' என்னும் தொழில்வகை அவ்வாறு பலரையும் சென்றடைந்தது.

நிறுவனமும் வெள்ளோட்ட விதிகளை வெளியிட்டு ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேட்கத் தொடங்கியது. ஐந்தாம் பதிப்பின் வனக்காவலன் நிறைவளிக்கவில்லை என்று பலர் கூறியமையால், 2016ஆம் ஆண்டில் அதன் திருத்த வடிவம் வெள்ளோட்டமாக வெளியிடப்பட்டது. 1975ஆம் ஆண்டில் ஜோ ஃபிஷர் எழுதியனுப்பிய அதே வனக்காவலன் மீண்டும் ஆட்டக்காரர்களின் கைக்கே திரும்பினான்.

2023ஆம் ஆண்டு சனவரியில் நெருக்கடி ஏற்பட்டது. பழைய திறந்த உரிமத்தைச் செல்லாததாக்கிப் புதிய உரிமம் கொண்டுவரும் வரைவு வெளியே கசிந்தது. ஆண்டுக்கு 750,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வுரிமத்தை நம்பித் தொழில் நடத்திய சிறு பதிப்பாளர்களுக்கு இது வாழ்வாதாரச் சிக்கலாகும். ஆட்டக்காரர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனத்தின் இணையச் சேவைக்குச் செலுத்திவந்த சந்தாவைப் பலர் நிறுத்தினர். சனவரி 27ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடவில்லை என்று கூறியதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அவ்வுரிமத்தைத் திரும்பப் பெறவியலாது. மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் அதனைப் பயன்படுத்தலாம்.

வகுப்பறைக்கு ஒரு சிந்தனை

இவ்வரலாற்றை நான் ஏன் எழுதினேன் எனச் சிலர் வினவலாம். நம் பள்ளிகளில் கட்டுரைப் பாடம் நடைபெறும் முறையை எண்ணிப் பாருங்கள். மாதிரிக் கட்டுரையைப் படிக்கச் செய்கிறோம். மனனம் செய்யச் சொல்கிறோம். தேர்வில் அதே தொடக்கமும் அதே முடிவும் வந்தால் மகிழ்கிறோம். மாதிரி தேவையே. முன்மாதிரி இல்லாமல் ஜோ ஃபிஷரும் வனக்காவலனை எழுதியிருக்க இயலாது. அவர் முன் ஏற்கெனவே வெளிவந்த தொழில்வகைகளும் ஒரு நாவலும் இருந்தன. ஆனால் மாதிரியைப் படித்தபின் "இதில் இல்லாத ஒன்றை நீ சேர்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். 1974ஆம் ஆண்டின் அச்சிறு நூல் அதனைச் சொன்னது. நாம் நம் மாணவரிடம் சொல்கிறோமா?

ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் முயன்று பார்க்கத்தக்க எளிய நடவடிக்கை ஒன்றனைப் பரிந்துரைக்கிறேன். பகடையோ விலையுயர்ந்த நூலோ இதற்குத் தேவையில்லை. மாணவர்கள் நால்வராகக் குழு அமைத்து ஒரு கதைமாந்தரைப் படைக்கட்டும். அவருக்குச் சிறப்புத் திறன் ஒன்று, அத்திறனுக்கு ஈடான கட்டுப்பாடு ஒன்று, அதனை மீறினால் நேரும் விளைவு ஒன்று என மூன்று வாக்கியங்களை எழுதட்டும். பிறகு அத்தாளை அடுத்த குழுவிடம் கொடுத்து, "இவரை வைத்து ஒரு கதை சொல்லுங்கள்" எனப் பணிக்கலாம். எழுதியவர் நினைத்ததும் படித்தவர் புரிந்துகொண்டதும் எங்கே வேறுபடுகின்றன என்பதை மாணவர்களே கண்டறிவர்.

இதில் மொழிப்பயனும் உண்டு. விதி எழுதுவதற்குச் சொல்லில் துல்லியம் வேண்டும். 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்', 'செய்யக் கூடாது', 'செய்ய இயலாது' ஆகிய நான்கும் வெவ்வேறு பொருள் தருவன. கட்டுரையில் இவற்றை மாற்றி எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மைதான் சுட்டிக்காட்டும். விதியில் மாற்றி எழுதினால் எதிரே அமர்ந்திருக்கும் தோழனே, "நீ இப்படித்தானே எழுதியிருக்கிறாய்!" என்று கேட்டுவிடுவான். அத்தகைய கேள்விக்கு விடை கூறும் மாணவன் தன் மொழியைத் தானே திருத்திக்கொள்வான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, "வலிமை 14, விவேகம் 9" என்று ஏதோ எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டால், பாடத்தை விட்டுவிட்டு வீண்வேலை செய்வதாக உடனே எண்ணிவிட வேண்டாம். இந்த வீரனால் என்ன செய்ய இயலும், என்ன செய்ய இயலாது என்று கேளுங்கள். இரண்டாம் வினாவுக்கும் பிள்ளையிடம் விடை இருக்குமானால், அங்கு ஒரு நல்ல சிந்தனை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நேரமிருப்பின் நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அருகே அமரலாம்.